ஊர் திரும்ப நினைப்பவருக்கு மாரிகுப்பம் ரயில்

பெங்களூரில் பதினோரு ஆண்டுகள் வாடகை வீட்டில் குடியிருந்துவிட்டு, கோலார் தங்கவயலில் அம்மா தனியாக இருக்கும் வீட்டுக்கே குடும்பத்தோடு போய்விடலாமா என்று நானும் மனைவியும் யோசித்துக்கொண்டிருக்கிறோம். முடிவெடுப்பதற்கு முன், மாதச் சீசன் டிக்கெட் எடுத்து, எங்கள் ஊரின் கடைசி நிலையமான மாரிகுப்பத்தில் புறப்பட்டுப் பெங்களூர் போகும் காலை ரயிலில் ஒரு மாதம் முழுவதும் வேலைக்குப் போய்வந்தேன். 2001 பிப்ரவரி 28-இல் தங்கச் சுரங்கத்தை மூடியபின் எங்கள் ஊரில் எத்தனையோ வீடுகளில் அடுப்பெரிவது இந்த ரயிலால்தான் என்பதால், திரும்பிப் போவது சரிப்படுமா என்பதையும் இதில் ஏறித்தான் பார்க்க வேண்டும்.

மாரிகுப்பத்திலேயே ஏறினால் உட்கார இடம் கிடைக்கும். சாம்பியன், உரிகம், கோரமண்டல் என்று அடுத்தடுத்த நிலையங்களில் ஆட்கள் ஏற ஏற, பங்காரப்பேட்டை வருவதற்குள் பெட்டி நிறைந்துவிடுகிறது. அதன்பிறகு ஏறுபவர்கள் நின்றுகொண்டேதான் வர வேண்டும். ஆனாலும் நான் பயணம்செய்த பெட்டியில், இரவுப் பணி முடித்துவிட்டு மறுபடியும் வேலைக்குப் போகும் ஒரு செவிலியருக்கு யாராவது எழுந்து இடம் கொடுக்காத நாள் இல்லை. அவரும் உட்கார்ந்ததும் துப்பட்டாவால் முகத்தை மூடிக்கொண்டு, வைட்பீல்டு வந்தால் எழுப்பும்படி பக்கத்தில் இருப்பவரிடம் சொல்லிவிட்டுத் தூங்கிவிடுவார்.

கட்டணம் மிகக் குறைவு. பெங்களூரில் நாங்கள் கொடுக்கும் வாடகையோடு அதை ஒப்பிடவே முடியாது. வேலை பெங்களூரின் கிழக்கு ஓரத்தில், இந்த ரயில் வழியிலேயே இருக்கும் வைட்பீல்டிலோ கிருஷ்ணராஜபுரத்திலோ இருந்தால் இந்த ரயிலை நம்பி ஊரில் குடியிருக்கலாம் என்றே சொல்வேன். 2023-இல் வைட்பீல்டு வரை மெட்ரோ வந்துவிட்டதால், அங்கே இறங்கி நகரத்துக்குள் போவதும் முன்னைவிட எளிதாகியிருக்கிறது. நகரின் மறுகோடியில் வேலை செய்பவர்களுக்கு இதைப் பரிந்துரைக்க எனக்கு மனம் வரவில்லை; பெங்களூர் போய்ச் சேரவே இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகும்போது, அதற்கப்புறம் பேருந்து பிடித்துப் போவதை உடம்பு எத்தனை நாள் தாங்கும்?

என்னைத் தயங்கவைப்பது பயணக் களைப்பு அன்று. விடியுமுன் கிளம்பி இருட்டியபின் திரும்பினால், அம்மாவோடு இருப்பதற்காகப் போன வீட்டில் அம்மாவின் முகத்தை ஞாயிற்றுக்கிழமைதான் நன்றாகப் பார்க்க முடிகிறது. உள்ளூரிலேயே வேலை தேடலாம் என்றால், மண் அள்ளும் கனரக இயந்திரங்கள் செய்யும் பெமல் (BEML) தொழிற்சாலையை விட்டால் சொல்லிக்கொள்ளும்படி பெரிய நிறுவனம் இல்லை. அப்பா சுரங்கத்துக்குள் இறங்கிய காலத்தில் வேலை வீட்டிலிருந்து நடந்துபோகும் தூரத்தில் இருந்தது. தங்கம் பிரித்தெடுத்தபின் கொட்டிய கழிவு மண் குவிந்திருக்கும் சயனைடு மணல்மேட்டிலிருந்து காற்று வீசும் மாதங்களில் ஜன்னலைச் சாத்திவைக்க வேண்டியிருப்பதையும், மகனுக்கு மூச்சிழுப்பு இருப்பதையும் சேர்த்தே நாங்கள் கணக்கிட வேண்டியிருக்கிறது.

வாரத்தில் மூன்று நாள் வீட்டிலிருந்தே வேலை பார்க்க அனுமதி கேட்டிருக்கிறேன். அதற்குப் பதில் வரும்வரை பெங்களூர் வீட்டுக்குக் கொடுத்த முன்பணத்தைத் திருப்பிக் கேட்கப் போவதில்லை. ஆனால் அடுத்த மாதத்துக்கான சீசன் டிக்கெட்டை நேற்றே எடுத்துவிட்டேன்.