வீட்டில் வைத்து அறுத்த கண்ணாடி டஃபன்டு (உலையில் சூடாக்கிப் பலமாக்கிய) கண்ணாடியே இல்லை

ஜன்னல் கண்ணாடி மாற்ற ஆள் தேடுகிறவர்கள், அதுவும் பழைய வண்ணாரப்பேட்டை, தண்டையார்பேட்டை, ராயபுரம் பக்கம் இருப்பவர்கள், தயவுசெய்து இதைப் படித்துவிட்டு அப்புறம் போன் செய்யுங்கள். எனக்குப் போனது 4,649 ரூபாய். அதுகூடப் பெரிதில்லை. எதிர்வீட்டுப் பையன் காலில் விழுந்த நான்கு தையல்தான் என்னை உட்கார்ந்து எழுத வைத்தது.

எங்கள் வீடு ஜி.ஏ. ரோட்டுக்குப் பின்னால் ஒரு சந்தில் இருக்கிறது. மாமனார் காலத்தில் கட்டியது. தெருவைப் பார்த்த ஜன்னல் தேக்கு. ஒவ்வொரு கதவிலும் மேலே ஒன்று, கீழே ஒன்று என்று இரண்டு கண்ணாடி. ஆடிக் காற்று அடித்த ஒரு சாயங்காலம் கொண்டி மாட்டாமல் விட்ட ஒரு கதவு மடாரென்று அடித்துக்கொண்டு இரண்டு கண்ணாடியும் போய்விட்டன. ஜன்னலை ஒட்டித்தான் என் மாமியார் கட்டில். அவர்களுக்கு எழுபத்தெட்டு வயது. நல்லவேளை, அப்போது அவர்கள் அடுப்படியில் இருந்தார்கள்.

வயதானவர் படுக்கிற இடம், மழை வேறு வரும்போல் இருந்தது. அவசரத்தில் போனில் தேடினேன். முதலில் வந்த எண்ணைக் கூப்பிட்டேன். ஒரு பெண் மிக மரியாதையாகப் பேசினார். வந்து பார்க்க 299 ரூபாய், கண்ணாடி சதுர அடி 90 ரூபாய் என்றார். ஆபீஸ் எங்கே என்று கேட்டேன். "உங்க ஏரியாவிலேயே டெக்னீஷியன் இருக்காங்க மேடம்" என்றார். கேட்ட கேள்விக்கு அது பதில் இல்லை என்பது எனக்கு அப்போது உறைக்கவில்லை.

அடுத்த நாள் இரண்டு பேர் வந்தார்கள். டேப் வைத்து அளந்தார்கள். மூத்தவர் கட்டிலைப் பார்த்தார், என் மாமியாரைப் பார்த்தார். "அக்கா, வயசானவங்க படுக்குற இடம். தெருவுல பசங்க பந்து ஆடுறாங்க. சாதா கண்ணாடி வேணாம். டஃபன்டு போட்டுடலாம், அஞ்சு எம்.எம். உடைஞ்சாகூட கையைக் கிழிக்காது" என்றார். சதுர அடி 260 என்றார். போனில் சொன்ன 90 என்ன ஆயிற்று என்றால், அது சாதா கண்ணாடிக்காம். டஃபன்டு ஆர்டர் எடுத்தால் குறைந்தது பத்து சதுர அடிக்குக் காசு கட்ட வேண்டுமாம். கண்ணாடி 2,600, பொருத்தும் கூலி 1,200, சிலிக்கான் 350, உடைந்ததை அள்ளிக்கொண்டு போக 200, வந்து பார்த்த 299. அத்தை பக்கத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார்கள். அவர்கள் பாதுகாப்பு என்று ஒருவர் சொன்ன பிறகு, அவர்கள் முன்னாலேயே பேரம் பேச எனக்கு மனம் வரவில்லை. அந்த ஆள் அதைத்தான் பிடித்துக்கொண்டார் என்று இப்போது நினைக்கிறேன். முன்பணமாக 3,000 ரூபாயை யு.பி.ஐ.யில் அனுப்பினேன்.

சட்டத்தில் ஒட்டியிருந்த துண்டுகளைப் பிடுங்கி, நான் கொடுத்த அரிசி மூட்டைக் கோணியில் போட்டு எடுத்துக்கொண்டு போனார்கள். நான்கு நாள் ஜன்னலில் பழைய ஃபிளெக்ஸ் பேனரைக் கட்டி வைத்திருந்தோம். இரண்டு ராத்திரி மழை. அத்தை ஹாலில் பாய் விரித்துப் படுத்தார்கள்.

ஐந்தாம் நாள் கண்ணாடி வந்தது. இனி நடந்ததைக் கவனமாகப் படியுங்கள், நான் கோட்டை விட்ட இடம் இதுதான்.

கண்ணாடியைச் சட்டத்தில் வைத்துப் பார்த்தார்கள். அரை அங்குலம் பெரிதாக இருந்தது. சின்னவர் எங்கள் கட்டில் மேல் போர்வையை மடித்து விரித்து அதன்மேல் கண்ணாடியைப் படுக்க வைத்தார். டப்பாவில் இருந்த மண்ணெண்ணெயில் கட்டரை முக்கினார். ஸ்கேல் கட்டையை அழுத்திப் பிடித்துக்கொண்டு ஒரே இழுப்பு. சர்ரென்று ஒரு சத்தம், முடி மாதிரி ஒரு வெள்ளைக் கோடு. அடியில் இரண்டு தட்டு தட்டி, விளிம்பைப் பிடித்து மடக்கினார். அரை அங்குலத் துண்டு குச்சி மாதிரி நேராகக் கழன்று வந்தது. இரண்டாவதையும் அப்படியே அறுத்தார். என்ன கை நிதானம் என்று நான் நின்று வேடிக்கை பார்த்தேன். இரண்டு பேருக்கும் காபி போட்டுக் கொடுத்தேன்.

டஃபன்டு கண்ணாடியை அப்படி அறுக்கவே முடியாது. இதைப் பத்து நாள் கழித்துத்தான் தெரிந்துகொண்டேன்.

பொருத்தினதும் மோசம். கண்ணாடியைப் பிடித்து நிறுத்தும் பழைய தேக்குச் சன்னக் கட்டைகளை, அதாவது பீடிங்கை, நெம்பி எடுக்கும்போதே இரண்டை உடைத்துவிட்டார்கள். புதுசு போடவில்லை. அந்தப் பக்கம் முழுவதும் சிலிக்கானைப் பிதுக்கி விரலால் தடவிவிட்டார்கள். பில் கேட்டேன். வேண்டுமானால் 18 சதவீதம் ஜி.எஸ்.டி. கூட வரும், இல்லையென்றால் வாட்ஸ்அப்பில் ரசீது வரும் என்றார்கள். மீதி 1,649ஐ அனுப்பினேன். ரசீது இன்று வரை வரவில்லை.

ஒரு வாரம் கழித்து நல்ல மழை. காலையில் பார்த்தால் கீழ்க் கண்ணாடியில் மூலையிலிருந்து குறுக்கே ஒரு விரிசல். ஒரு கல் படவில்லை, கை படவில்லை. போன் செய்தேன், எடுக்கவில்லை. என் வீட்டுக்காரர் எண்ணிலிருந்து கூப்பிட்டதும் எடுத்தார்கள். "கண்ணாடிக்கு வாரண்டி கிடையாது மேடம்" என்று வைத்துவிட்டார்கள். அதற்கப்புறம் எங்கள் இரண்டு பேர் எண்ணையும் பிளாக் செய்துவிட்டார்கள்.

அப்போதுதான் அத்தை, "சாமி படத்துக்கு ஃபிரேம் போடுறாரே அந்த பாய், அவரக் கேட்டியா?" என்றார்கள். எங்கள் வீட்டிலிருந்து ஐந்து நிமிட நடை. முப்பது வருஷமாகக் கடை வைத்திருக்கிறார். படத்துக்குக் கண்ணாடி அறுக்கிறவர் ஜன்னலுக்கும் அறுப்பார் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

பாய் வந்து ஜன்னலைப் பார்த்தார். விளிம்பை விரலால் தடவினார். "எங்க வெச்சி அறுத்தானுங்க?" என்று கேட்டார். இதோ இந்தக் கட்டில்மேல் என்றேன். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம் உட்கார்ந்து பொறுமையாகச் சொன்னார்.

டஃபன்டு என்பது தனிக் கண்ணாடி இல்லையாம். சாதாக் கண்ணாடியைத் தேவையான அளவுக்கு முதலிலேயே அறுத்து, ஓரம் தேய்த்து, ஓட்டை வேண்டுமானால் அதையும் போட்டு, அதற்கப்புறம்தான் உலையில் 600 டிகிரிக்கு மேல் சூடாக்கி, காற்றை ஊதிச் சட்டென்று குளிர வைக்கிறார்கள். மேல்பரப்பு இறுகி உள்பகுதி இழுபட்டு நிற்கும். அந்த இறுக்கத்தால்தான் அதற்குப் பலம். அதற்குப் பிறகு கட்டர் போட்டு மடக்கினால் அரை அங்குலத் துண்டு மட்டும் கழன்று வராது. கண்ணாடி முழுக்கக் கற்கண்டு மாதிரி பொலபொலவென்று உதிர்ந்துவிடும். "அளவு தப்பாப் போனா அந்த பீஸ் வேஸ்டுதாம்மா. மறுபடி ஆர்டர் குடுத்துதான் ஆகணும்" என்றார். முறையாகச் செய்த டஃபன்டில் ஒரு மூலையில் அழியாத முத்திரை இருக்கும் என்றார். கம்பெனி பெயரும் பல சமயம் ஐ.எஸ். 2553 என்ற இந்தியத் தர எண்ணும் அதில் இருக்குமாம். எங்கள் கண்ணாடியில் நான்கு மூலையிலும் ஒன்றுமில்லை. ஓரமும் தேய்க்காமல் கத்தி மாதிரி இருந்தது.

ஐந்து எம்.எம். என்றதும் பொய். விரிசல் விடாத மேல்கண்ணாடியைக் கழற்றி, பத்திரமாகப் பேப்பரில் சுற்றி, முனையில் இருக்கும் அண்ணாச்சி கடைத் தராசில் வைத்தோம். ஒரு சதுர அடிக் கண்ணாடி ஒவ்வொரு மில்லிமீட்டர் தடிமனுக்கும் ஏறக்குறைய 230 கிராம் இருக்கும். எங்கள் கண்ணாடி பதிமூன்றரைக்கு இருபத்தொன்று அங்குலம், அதாவது இரண்டு சதுர அடிக்குக் கொஞ்சம் குறைவு. ஐந்து எம்.எம். என்றால் இரண்டேகால் கிலோ காட்ட வேண்டும். தராசு 1 கிலோ 600 கிராம்கூடக் காட்டவில்லை. மூன்றரை எம்.எம். சாதாக் கண்ணாடி. இரண்டும் சேர்ந்து நான்கு சதுர அடி தேறாத வேலைக்குப் பத்து சதுர அடிக் காசு வாங்கியிருக்கிறார்கள். அளவை மூன்று அங்குலப் படியாக ஏற்றிக் கணக்கு போடுவது கடைகளில் உண்டு என்று பாய் சொன்னார். அப்படிப் போட்டாலும் 15க்கு 21, இரண்டுக்கும் நாலரைச் சதுர அடியைத் தாண்டாது.

விரிசல் ஏன் வந்தது என்றும் காட்டினார். கண்ணாடி உட்காரும் காடியைவிடக் கண்ணாடி நாலு பக்கமும் ஒரு நூல், அதாவது அரைக்கால் அங்குலம், குறைவாக இருக்க வேண்டும். எங்களுக்கு இறுக்கித் திணித்திருந்தார்கள். மழையில் தேக்குச் சட்டம் ஊறி உப்பினதும் கண்ணாடிக்கு இடமில்லை. போதாததற்குக் கீழ்மூலையில் பழைய துரு ஆணியின் தலை கண்ணாடி விளிம்பைத் தொட்டுக்கொண்டிருந்தது. விரிசல் சரியாக அங்கிருந்துதான் கிளம்பியிருந்தது.

பாய் நான்கு எம்.எம். சாதாக் கண்ணாடி போட்டார். சின்னச் சின்னக் கட்டமாக இருக்கும் பழைய மரஜன்னலுக்கு அதுவே போதும், டஃபன்டு பாத்ரூம் கதவுக்கும் பால்கனிக்கும் தரைவரை இறங்கும் பெரிய ஜன்னலுக்கும் கேட்டு வாங்க வேண்டியது என்றார். புது பீடிங், கடலோரக் காற்றுக்குத் துருப்பிடிக்காத பித்தளை ஆணி, கூலி எல்லாம் சேர்த்து 900 ரூபாய். கேட்காமலே ரசீது எழுதிக் கொடுத்தார்.

இப்போது அந்தப் பையன் விஷயம்.

பாய் வேலை முடித்த மறுநாள் எதிர்வீட்டுப் பையன், ஒன்பது வயது, பந்தை எடுக்கச் சந்து முனை டிரான்ஸ்பார்மர் பின்னால் ஓடியிருக்கிறான். அலறல் கேட்டு ஓடிப் பார்த்தால் பாதத்தில் ரத்தம் கொட்டுகிறது. ஆட்டோ பிடித்து ஸ்டான்லிக்குக் கொண்டுபோனோம். நான்கு தையல், டி.டி. ஊசி. திரும்பி வந்து, யார் இங்கே கண்ணாடியைக் கொட்டியது என்று கோபத்தோடு போய்ப் பார்த்தேன். கிழிந்த அரிசிக் கோணி. அதிலிருந்து நீட்டிக்கொண்டிருந்த ஒரு துண்டில் பாதி ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது. என் மகன் யு.கே.ஜி. படிக்கும்போது ஜன்னலில் ஒட்டிய பட்டாம்பூச்சி. ஒரு இறக்கைதான் மிச்சம்.

அள்ளிக்கொண்டு போக என்னிடம் 200 ரூபாய் வாங்கியவர்கள் அதை நாற்பது அடி தள்ளிப் போட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள். அந்த அம்மா என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. நான்தான் அவர்கள் வீட்டு வாசலில் நின்று அழுதேன். குப்பை வண்டியில் வரும் அக்கா தினமும் அந்த முனையில் கையால்தான் அள்ளுகிறார். அவர் கைக்கு வந்திருந்தாலும் அதே கதிதான்.

அதனால் உடைந்த கண்ணாடியை யார் கையிலும் நம்பிக் கொடுக்காதீர்கள். நாங்கள் அந்தக் கோணியைத் துடைப்பமும் முறமும் வைத்து எடுத்து, துண்டுகளைக் கெட்டியாகப் பேப்பரில் சுற்றி, அட்டைப்பெட்டியில் போட்டு டேப் ஒட்டி, மேலே பெரிதாக "உடைந்த கண்ணாடி" என்று எழுதி, குப்பை வண்டி அக்காவிடம் சொல்லிக் கொடுத்தோம்.

ஆள் வைப்பவர்கள் முன்பணம் கொடுக்கும் முன்பு கண்ணாடியின் வகை, தடிமன், இரண்டு பக்க அளவு, சதுர அடி, விலை இவ்வளவையும் ஒரு தாளில் எழுதி வாங்குங்கள். குறைந்தபட்சச் சதுர அடி என்று ஒன்று இருந்தால் அதைப் போனிலேயே கேட்டுவிடுங்கள். அளவை நீங்களும் ஒருமுறை எடுத்து வையுங்கள். டஃபன்டு என்றால் முத்திரையைப் பார்த்த பிறகுதான் பொருத்த விட வேண்டும். டஃபன்டு என்று சொல்லிவிட்டு யாராவது உங்கள் வீட்டில் அதை அறுக்கக் கட்டரை எடுத்தால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். பில் தராமல் இருப்பது 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி முறையற்ற வணிக நடைமுறை. 18 சதவீதம் கூட ஆகும் என்று பயமுறுத்தினாலும் கேளுங்கள். தமிழ்நாட்டு ஜி.எஸ்.டி. எண்ணில் எண்ணும் எழுத்துமாகப் பதினைந்து இருக்கும், 33இல் தொடங்கும்.

நான் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் புகார் பதிந்திருக்கிறேன். யு.பி.ஐ. விவரம், போன் பதிவு, பாய் எழுதிக் கொடுத்த ரசீது, தராசுப் படம், அந்த ஸ்டிக்கர் துண்டின் படம் எல்லாம் எடுத்து வைத்திருக்கிறேன். அதில் நடக்கவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போவேன். நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம், 5 லட்சம் ரூபாய் வரை கட்டணம் கிடையாது, இரண்டு வருஷம் வரை நேரம் இருக்கிறது. இதே மாதிரி இவர்களிடம் ஏமாந்தவர்கள் யாராவது இருந்தால் நீங்களும் புகார் பதியுங்கள். நேற்று ராத்திரி மறுபடி தேடிப் பார்த்தேன். அதே எண், மூன்று வேறு வேறு கடைப் பெயரில் இருக்கிறது. ஒன்று ராயபுரம், ஒன்று பெரம்பூர், ஒன்று திருவொற்றியூர்.

பையனுக்கு வியாழக்கிழமை தையல் பிரிக்கிறார்கள்.