“கோச்செல்லாம் நமக்குப் பழக்கம் அக்கா”: 3,200 டாலர் போன கதை

நாங்கள் சியாட்டில் பக்கம் இருக்கிறோம். மகள் பதினோராம் வகுப்பு, டென்னிஸ் ஆடுகிறாள். தமிழ்ப் பள்ளி வாசலில் பிள்ளைகளுக்காகக் காத்திருந்தபோது பழக்கமானவர்தான் அந்த ஆள். “எந்த மாநிலத்துக் காலேஜாக இருந்தாலும் டென்னிஸை வைத்துக் கட்டணத்தைக் குறைத்து வாங்கிவிடலாம், கோச்செல்லாம் நமக்குப் பழக்கம் அக்கா” என்றார். அசல் கோயம்புத்தூர்ப் பேச்சு. நானும் மயங்கிவிட்டேன். அவர் கேட்ட 3,200 டாலரைக் கார்டில் கட்டட்டுமா என்றதற்கு, “எதுக்குக்கா, வீணா மூணு பர்சென்ட் போகும்” என்றார். பேங்க் கணக்கிலிருந்து நேராகப் பணம் அனுப்பும் ஸெல் (Zelle) வழியாக அனுப்பினேன். அனுப்பியது அனுப்பியதுதான் என்று பேங்க் இப்போது கையை விரிக்கிறது.

ஒரு மாதம் கழித்து ‘ரகசியப் பட்டியல்’ என்று ஒரு பிடிஎஃப் வந்தது. வெளிமாநிலப் பிள்ளைகளுக்குக் கட்டணம் குறைக்கும் காலேஜ்களாம். பார்த்தால் வெஸ்டர்ன் அண்டர்கிராஜுவேட் எக்ஸ்சேஞ்ச் பட்டியல்! மேற்கு மாநிலங்கள் சேர்ந்து நடத்தும் திட்டம் அது. அதில் இருக்கும் காலேஜில் அந்த மாநிலத்துப் பிள்ளைகள் கட்டும் கட்டணத்தைப் போல ஒன்றரை மடங்குக்கு மேல் வாங்கமாட்டார்கள். விளையாட்டுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. பட்டியல் யார் வேண்டுமானாலும் காசில்லாமல் பார்க்கக்கூடியது. ஆனால் எல்லாப் படிப்பும் அதில் வராது, சில காலேஜில் மார்க் வரம்பும் கடைசித் தேதியும் உண்டு. அதையெல்லாம் அவர் சொல்லவே இல்லை.

அப்புறம் அவர் கோச்களுக்கு அனுப்பிய மின்னஞ்சல். எல்லோருக்கும் ஒரே கடிதம், “அன்புள்ள கோச்” என்று. அது போனதில் பாதி டிவிஷன் 3 காலேஜ்கள், அதாவது காலேஜ் விளையாட்டின் மூன்று பிரிவுகளில் மூன்றாவது. டிவிஷன் 3-இல் விளையாட்டு ஸ்காலர்ஷிப் என்பதே கிடையாது. பண உதவியெல்லாம் படிப்பையும் குடும்ப வருமானத்தையும் பார்த்துத்தான். இதை எனக்குச் சொன்னது ஒரு டிவிஷன் 3 கோச். பாவம், இரண்டு வரியில் மரியாதையாகப் பதில் போட்டிருந்தார். இன்னொரு காலேஜில் பெண்கள் டென்னிஸ் அணியே இல்லை.

இதற்கு மேல்தான் விஷயமே. ஸ்காலர்ஷிப் கிடைத்தால் அதில் பத்து சதவீதம் தரவேண்டும் என்று கையெழுத்துக்கு ஒரு காகிதம் நீட்டினார். நல்லவேளை, மகள் வாங்கிப் படித்தாள். காலேஜ் விளையாட்டுக்கு விதி வகுக்கும் அமைப்பான என்சிஏஏவின் விதிப்படி, விவரத்தைக் கோச்களுக்கு அனுப்பிவைக்க ஒருவருக்குக் குறிப்பிட்ட ஒரு தொகை கொடுக்கலாம். வாங்கித் தரும் ஸ்காலர்ஷிப்பில் பங்கு என்றால் அவர் ஏஜென்ட் ஆகிவிடுவார், பிள்ளை ஆடும் தகுதிக்கே ஆபத்து. “அம்மா, இதுல கையெழுத்துப் போட்டா நான் வீட்டு வாசல்லதான் ஆடணும்” என்றாள்.

பணத்தைத் திருப்பிக் கேட்டேன். “வேலை முடிஞ்சுதேக்கா” என்கிறார்.

இப்போது கடிதங்களை அவளே எழுதுகிறாள். ஒவ்வொரு கோச்சுக்கும் பெயர் போட்டு, தன் யூடிஆர் எண்ணும் (டென்னிஸ் ஆட்டத் திறனுக்கான மதிப்பெண்) படிப்பு மார்க்கும் சேர்த்து, நான் போனில் ஆட்டி ஆட்டி எடுத்த ஆட்ட வீடியோவுடன். மூன்று பேர் பதில் போட்டிருக்கிறார்கள். அவரைப் போன சனிக்கிழமையும் பள்ளி வாசலில் பார்த்தேன், நீச்சல் பழகும் பையனின் அப்பாவோடு பேசிக்கொண்டிருந்தார்.