டெல் யு2723க்யூஇ மானிட்டர்: எழுத்துக்கு வாங்கலாம், எச்டிஆருக்கு வேண்டாம்

2022-இல் வந்த இந்த 27 அங்குல 4கே மானிட்டருக்குப் பெயர் வாங்கிக் கொடுத்தது 'ஐபிஎஸ் பிளாக்' பேனல்தான் (ஐபிஎஸ் என்பது ஒரு வகை எல்சிடி திரை). சாதாரண ஐபிஎஸ் பேனலில் 1000:1 அளவில் நிற்கும் கான்ட்ராஸ்ட், அதாவது வெள்ளைக்கும் கருப்புக்கும் உள்ள வெளிச்ச விகிதம், இதில் 2000:1. ஆனால் அந்த இரட்டிப்பு கண்ணுக்குத் தெரியுமா தெரியாதா என்பதை முடிவு செய்வது அறை விளக்கு.

கணக்குப் போட்டால் புரியும். வெள்ளையை 120 நிட்டில் (நிட் என்பது திரை வெளிச்சத்தின் அளவு) வைத்தால், சாதாரண பேனலில் கருப்பு 0.12 நிட், இதில் 0.06. பகலில் 300 லக்ஸ் (ஒரு பரப்பில் விழும் வெளிச்சத்தின் அளவு) திரையில் விழுந்து, அதில் 1 சதவீதம் சிதறித் திரும்பினால்கூட கிட்டத்தட்ட 0.95 நிட் கருப்பின் மேல் ஏறிவிடும். இரண்டு திரையும் ஒன்றுபோலத்தான் தெரியும். இரவில் விளக்கைக் குறைத்து 10 லக்ஸுக்குக் கொண்டுவாருங்கள்: அங்கே 0.15, இங்கே 0.09. இருட்டுக் காட்சியில் கருப்புச் சட்டையின் மடிப்புகள் தனித்தனியாகத் தெரிவது அப்போதுதான். கடையின் டியூப்லைட்டுக்கு அடியில் நின்று இந்தப் பேனலை எடைபோடுவது வீண். ஓரங்களில் வெளிறித் தெரியும் ஐபிஎஸ் பளபளப்பு இதிலும் உண்டு. இருட்டில் மூலைகளைப் பார்த்தால் தெரியும்.

இதன் உண்மையான பலம் எழுத்து. அங்குலத்துக்கு 163 பிக்சல், அதாவது ஒரு பிக்சல் சுமார் 0.155 மி.மீ. நல்ல பார்வை பிரித்தறியும் எல்லை என்று பொதுவாகச் சொல்லப்படும் ஒரு ஆர்க்மினிட் (ஒரு பாகையில் அறுபதில் ஒரு பங்கு கோணம்), 60 செ.மீ. தூரத்தில் 0.175 மி.மீ. வரும். பிக்சல் அதற்கும் கீழே போய்விட்டது. தமிழ் படிப்பவர்களுக்கு இது பெரிய வரம். இதே அளவு 1440பி (2560 × 1440 பிக்சல்) திரையில் பிக்சல் 0.233 மி.மீ.; சிறிய எழுத்தில் 'ண'வின் சுழிகள் அடைத்துக்கொண்டு 'ன'வோடு குழம்பும், புள்ளி மேல்வரியோடு ஒட்டும். இதில் விண்டோஸ் ஸ்கேலிங்கை (எழுத்தையும் படங்களையும் பெரிதாக்கும் அமைப்பு) 150 சதவீதத்தில் வைத்தால், எழுத்தின் அளவு மாறாமல் சுழி திறந்து நிற்கும். மேக்கில் 2560 × 1440 தோற்ற அளவைத் தேர்ந்தால், படத்தை 5120 × 2880-இல் வரைந்து பிறகு சுருக்குகிறது. அதனால் மெல்லிய கோடுகள் லேசாகக் குழையும்.

வெளிச்சத்தைச் சரிசெய்ய மீட்டர் தேவையில்லை. அரை மணி நேரம் ஓடவிட்டு, திரைக்குப் பக்கத்தில் ஒரு ஏ4 தாளைப் பிடித்து, வெற்று வெள்ளைப் பக்கமும் தாளும் ஒரே அளவு பளிச்சென்று தெரியும்வரை குறையுங்கள். 400 லக்ஸ் அறையில் தாள் ஏறக்குறைய 110 நிட் தரும். கண் எரிகிறது என்று சொல்பவர்களில் பலர் திரையை அதைவிட வெகு மேலே வைத்திருப்பார்கள்.

நிறத்தில் கவனம் வேண்டும். சினிமாவுக்கான அகன்ற டிசிஐ-பி3 நிறப்பரப்பில் 98 சதவீதத்தை இது காட்டும். அதை அப்படியே விட்டால், சாதாரண இணையப் படங்களில் தக்காளி எரிகிற சிவப்பாகவும் முகம் வெயிலில் காய்ந்ததுபோலவும் தெரியும். மெனுவில் கலர் ஸ்பேஸை இணையப் படங்களுக்கான எஸ்ஆர்ஜிபிக்கு மாற்றினால் அடங்கும். எச்டிஎம்ஐயில் இணைத்தால் இன்னொரு சோதனையும் செய்யுங்கள்: கருப்புப் பின்னணியில் 4, 8, 12, 16, 20 மதிப்புள்ள சாம்பல் கட்டங்களை வரைந்து பாருங்கள். 16 வரை மொத்தமாகக் காணாமல் போனாலோ, கருப்பே சாம்பலாகத் தெரிந்தாலோ பேனல் மேல் பழி போடாதீர்கள். கணினி அனுப்பும் வண்ண வீச்சும் (0–255 என்ற முழு வீச்சா, 16–235 என்ற குறுகிய வீச்சா) மானிட்டர் எதிர்பார்ப்பதும் பொருந்தவில்லை. கருப்பு சாம்பலானால் கணினியின் கிராஃபிக்ஸ் டிரைவரில் முழு வீச்சுக்கும், கட்டங்கள் காணாமல் போனால் குறுகிய வீச்சுக்கும் மாற்றுங்கள்.

எச்டிஆர் என்பது மிகப் பளிச்சென்ற பகுதியையும் ஆழ்ந்த இருட்டையும் ஒரே காட்சியில் காட்டும் முறை. அதற்கான டிஸ்ப்ளே எச்டிஆர் 400 முத்திரையை நம்பி வாங்க வேண்டாம். உச்சம் 400 நிட், பகுதி பகுதியாக விளக்கை அணைக்கும் வசதி கிடையாது. நிலவைப் பிரகாசமாக்கினால் வானமும் சேர்ந்து வெளுக்கும்.

60 ஹெர்ட்ஸ், அதாவது நொடிக்கு 60 ஃபிரேம் என்பதால் வேக விளையாட்டுக்கும் ஒத்துவராது. நொடிக்கு 960 பிக்சல் ஓடும் எழுத்தைக் கண் தொடரும்போது 16 பிக்சல் அகலத்துக்கு மங்கும். ஓவர்டிரைவை (பிக்சல் நிறம் மாறும் வேகத்தைக் கூட்டும் அமைப்பு) 'ஃபாஸ்ட்'டில் வைத்தாலும் இந்த மங்கல் போகாது, காரணம் ஒவ்வொரு ஃபிரேமும் 16.7 மில்லிநொடி அசையாமல் நிற்பதுதான்.

ஒரே யுஎஸ்பி-சி கேபிளில் படம், 90 வாட் சார்ஜ், லேன் (கம்பிவழி இணையம்) எல்லாம் வருவது மேசைக்குப் பெரிய நிம்மதி. பழைய மடிக்கணினியில் மவுஸ் அம்பு விட்டுவிட்டு நகர்ந்தால், 30 ஹெர்ட்ஸில் ஓடுகிறது என்று அர்த்தம். மெனுவில் யுஎஸ்பி-சி முன்னுரிமையை 'ஹை ரெசல்யூஷ'னுக்கு மாற்றுங்கள். 60 ஹெர்ட்ஸ் திரும்பிவிடும். ஆனால் மானிட்டரில் செருகிய பென்டிரைவ் யுஎஸ்பி 2.0 வேகத்துக்கு இறங்கிவிடும்.