ரேண்டம் ஹெக்சமரா, ஒலிகோ டிடியா? நெல் இலை ஆர்என்ஏவுக்கு எது?

அம்பாசமுத்திரம் வயலில் அம்பை 16 நெல் இலையைப் பறித்து சிடிஎன்ஏ (ஆர்என்ஏவைப் பார்த்துப் படியெடுத்த டிஎன்ஏ) செய்ய உட்காரும் மாணவர்கள் தயங்கும் இடம் இது. இரண்டும் படியெடுப்பைத் தொடங்கிவைக்கும் ப்ரைமர்கள், அதாவது சிறு டிஎன்ஏ துண்டுகள்: ரேண்டம் ஹெக்சமர் தற்செயல் வரிசையுள்ள ஆறெழுத்துத் துண்டு, ஆர்என்ஏவில் பல இடங்களில் ஒட்டும்; ஒலிகோ டிடி டி எழுத்துகளின் தொடர்.

சிதைந்த ஆர்என்ஏ: திரவ நைட்ரஜன் இல்லாமல் வெயிலில் திருநெல்வேலி வரை வந்த இலையா, ரேண்டம்தான். ஒலிகோ டிடி, எம்ஆர்என்ஏ (புரதத்துக்கான செய்தி தாங்கும் ஆர்என்ஏ) முனையிலுள்ள பாலி-ஏ வாலில், அதாவது ஏ எழுத்துத் தொடரில், ஒட்டும்; இழை நடுவில் அறுந்தால் அதற்கு அப்பாலுள்ள பகுதி சிடிஎன்ஏ ஆகாது. க்யூபிசிஆர் (சிடிஎன்ஏவைப் பெருக்கி அளக்கும் சோதனை) ப்ரைமர் வாலுக்கு எதிரான 5′ முனைப்பக்கம் இருந்தால் சிடி மதிப்பு (பெருக்கம் தென்படும் சுற்று எண்; சரக்கு குறைந்தால் எண் கூடும்) எகிறும். மரபணு அடங்கிவிட்டது என்று தப்பாக எழுதிவிடுவார்கள்.

ஒப்பீட்டு மரபணு (மற்ற மரபணுக்களின் அளவை ஒப்பிட வைத்துக்கொள்வது): ரைபோசோமின் 18எஸ் ஆர்என்ஏ என்றால் ரேண்டம் கட்டாயம், அதற்கு வால் கிடையாது. பசுங்கணிக மரபணுக்களுக்கும் அதுவே.

வீண்: ரேண்டம் ரைபோசோம் ஆர்என்ஏவையும் படியெடுக்கும், மொத்தத்தில் பெரும்பங்கு அதுதான். ஆர்என்ஏ நன்றாக இருந்து, தேடுவது அரிதான எம்ஆர்என்ஏ என்றால் ஒலிகோ டிடி.

வெப்பம்: 20 மைக்ரோலிட்டர் வினையில் இரண்டும் 2.5 மைக்ரோமோலார் போதும். ரேண்டமுக்கு முதலில் 25 டிகிரியில் 10 நிமிடம். நேரே 50க்கு ஏற்றினால் அந்த ஆறெழுத்துத் துண்டு நிற்காது.

விலை: பெரிய வித்தியாசமில்லை.

பல மரபணுக்களை ஒருசேரப் பார்ப்பவர்கள் இரண்டையும் கலக்கலாம். ஆய்வின் பாதியில் மட்டும் மாற்றாதீர்கள், பழைய சிடி மதிப்புகளோடு ஒப்பிட முடியாது. டிஎன்ஏஸ் (கலந்திருக்கும் டிஎன்ஏவை அழிக்கும் நொதி), படியெடுக்கும் நொதி சேர்க்காத கட்டுப்பாட்டுக் குழாய் இரண்டும் எந்த ப்ரைமருக்கும் வேண்டும்.