வெங்காயம் காயவைக்க மொட்டை மாடியா, மிஷினா?

குளிர்காலத்தில் நட்டுக் கோடையில் அறுவடையாகும் ரபி வெங்காயம் வரத்து அதிகமாக இருக்கும் ஏப்ரல், மே மாதங்களில் கோயம்பேட்டில் மொத்தமாக வாங்கிக் காயவைத்துவிட்டால் ஐப்பசி, கார்த்திகை மழையில் விலை ஏறும்போது கை கடிக்காது. 2019 டிசம்பரில் கிலோ 100 ரூபாயைத் தாண்டியபோது பலருக்கும் இந்த யோசனை வந்திருக்கும். எப்படிக் காயவைப்பது என்பதில்தான் குழப்பம். வெயிலிலும் காயவைத்தேன், தட்டுகளில் சூடான காற்றை ஓடவிட்டு உலர்த்தும் மின்சார மிஷினான டீஹைட்ரேட்டரிலும் காயவைத்தேன். சென்னையில் இருப்பவர்களுக்கு நான் சொல்வது டீஹைட்ரேட்டர்தான்.

நறுக்கும் வேலை இரண்டுக்கும் ஒன்றே. மூன்று, நான்கு மில்லிமீட்டர் கனத்தில் ஒரே சீராக நறுக்க வேண்டும். கனம் ஏறுக்குமாறாக இருந்தால் மெல்லியது கருகும் நேரத்தில் தடித்தது ஈரமாகவே கிடக்கும். வேர்ப்பக்கத்தைக் கடைசியில் வெட்டினால் கண் எரிச்சல் குறையும். இதழ் இதழாகப் பிரித்துப் பரப்பினால் போதும், வெந்நீரில் போட்டு எடுக்கத் தேவையில்லை.

மொட்டை மாடிக்குச் செலவில்லை, இடமும் தாராளம். தூசி, புறா, திடீர் மழை எல்லாம் தெரிந்ததுதான்; வெள்ளைத் துணி கட்டிச் சமாளிக்கலாம். ஓடிஜி (சின்ன மின்சார அவன்) இருக்கிறதே என்பவர்களுக்கு ஒரு வார்த்தை: எங்கள் வீட்டு ஓடிஜி 100 டிகிரிக்குக் கீழே இறங்காது. அந்தச் சூட்டில் ஓரம் பழுத்துக் கசந்துவிடும்.

மாடியில் சமாளிக்க முடியாதது சென்னைக் காற்றின் ஈரம். வெங்காயத்தில் பத்தில் ஒன்பது பங்கு தண்ணீர். அதில் பெரும்பங்கு கத்திரி வெயிலில் சட்டென்று போய்விடும். கடைசியாக உள்ளே தங்கும் கொஞ்ச ஈரம்தான் போகாது. மதியத்துக்கு மேல் கடற்காற்று எழும்பியதும் காய்வது மந்தமாகிவிடும். ராத்திரி வீட்டுக்குள் எடுத்து வைத்தாலும், சர்க்கரைச் சத்து நிறைந்த பொருள் என்பதால் காற்றிலிருந்து ஈரத்தைத் திரும்ப இழுத்துக்கொள்ளும். மறுநாள் காலையில் ஒரு துண்டை எடுத்து மடித்துப் பாருங்கள். தொட்டால் காய்ந்த மாதிரி இருக்கும், ஆனால் ஒடியாது. பழைய செருப்பு வார் போல வளையும். அந்த நிலையில் பாட்டிலில் போட்டால் பூசணம் பிடிக்கும். இன்னும் இரண்டு நாள் வெயிலில் வைத்தாலும் நிறம்தான் மங்கும்.

டீஹைட்ரேட்டர் ஜெயிப்பது இந்தக் கடைசிக் கட்டத்தில். 30 டிகிரியில் 75 சதவீத ஈரப்பதம் உள்ள காற்றை 60 டிகிரிக்குச் சூடாக்கினால் அதே காற்றின் ஈரப்பதம் ஏறக்குறைய 16 சதவீதத்துக்கு இறங்கிவிடும். வெளியே அடைமழை கொட்டினாலும் தட்டுக்குள் வறண்ட காற்றுதான் ஓடும். 55 முதல் 60 டிகிரியில் வைத்தால் பத்துப் பன்னிரண்டு மணி நேரத்தில் வேலை முடியும். அவசரப்பட்டு 70க்கு மேல் ஏற்ற வேண்டாம். மேல்பக்கம் இறுகி, உள்ளே ஈரம் மாட்டிக்கொள்ளும். நடுவில் ஒருமுறை தட்டுகளை மேலும் கீழும் மாற்றி வையுங்கள். ஆறவிட்டுத்தான் சோதிக்க வேண்டும், சூட்டோடு இருக்கும்போது நன்றாகக் காய்ந்ததும் வளையும். ஆறியபின் இரண்டு விரலுக்கு நடுவில் வைத்து அழுத்தினால் ‘பொடக்’கென்று உடைய வேண்டும்.

இதற்கும் குறைகள் உண்டு. வீடு முழுக்க நெடி ஏறும். பால்கனியிலோ சர்வீஸ் ஏரியாவிலோ வைப்பதுதான் நல்லது. தட்டில் வாடை தங்கிவிடும் என்பதால் அதே நேரத்தில் மாம்பழத் துண்டு போடாதீர்கள். 500 வாட் மிஷின் பத்து மணி நேரம் விடாமல் ஓடினால் 5 யூனிட். இரண்டு மாதக் கணக்கில் 500 யூனிட்டை ஒட்டி நிற்கும் வீடு என்றால் அது உறைக்கும். ஒரு கிலோவுக்குக் கையில் நிற்பது 100, 120 கிராம்தான். மிஷின் விலையையும் சேர்த்துப் பார்த்தால், பணம் மிச்சமாகும் என்று மட்டும் நினைத்து இதில் இறங்க வேண்டாம். திடீரென்று விருந்தாளி வந்தாலும், மழையில் கடைக்குப் போக முடியாவிட்டாலும் வீட்டில் வெங்காயம் இருக்கிறது என்ற நிம்மதி எனக்குப் பெரிது.

பாட்டிலை முக்கால் அளவுக்கு நிரப்பி, ஒரு வாரம் தினமும் குலுக்குங்கள். கண்ணாடியில் ஆவி படிந்தாலோ துண்டுகள் ஒட்டினாலோ மறுபடி தட்டுக்குப் போக வேண்டியதுதான். பொடியாக்குவதை மட்டும் தள்ளிப்போடுங்கள். மழைக்காலத்தில் பொடி ஒரே நாளில் கட்டி தட்டிவிடும். வெதுவெதுப்பான நீரில் கால் மணி நேரம் ஊறினால் சாம்பாருக்கும் குருமாவுக்கும் தாராளமாகப் போதும். பச்சடிக்கு ஆகாது. எங்கள் வீட்டில் ஒரு பாட்டில்கூட ஒரு வருடம் தாண்டி நின்றதில்லை, அதற்குள் தீர்ந்துவிடுகிறது.

வெயில் ஒரு விஷயத்தில் இன்னும் என் மனதில் முதலிடம்தான்: தாளிப்பு வடகம். சின்ன வெங்காயத்தை இடித்து, உப்பு, உளுந்து, கடுகு, வெந்தயம், பூண்டு சேர்த்து, உருட்டி உருட்டிக் காயவைக்கும்போது நாளுக்கு நாள் ஏறும் மணம் மிஷினில் வரவில்லை. மதுரை, விருதுநகர் மாதிரி உள்நாட்டு ஊர்களில் காற்று இவ்வளவு ஈரமில்லை. அங்கே வெறும் வெங்காயத் துண்டுக்கும் வெயிலே போதுமாக இருக்கலாம். நான் அங்கே காயவைத்ததில்லை.

மின்சாரக் கட்டணத்துக்குத் தயங்குபவர்கள் இரண்டையும் சேர்த்துச் செய்யலாம். காலை எட்டு மணிக்குப் பரப்பி மூன்று மணி வரை வெயிலில் விட்டு, கடற்காற்று ஈரத்தைக் கொண்டுவந்து சேர்ப்பதற்குள் இறக்கி, அன்றைக்கே டீஹைட்ரேட்டரில் நான்கைந்து மணி நேரம் ஓடவிடுங்கள். அதே மொறுமொறுப்பு பாதி மின்சாரச் செலவில் கிடைக்கும்.