லண்டன் அம்பேத்கர் இல்லம்: சட்டம் படிப்பவர்கள் போய் வர வேண்டிய வீடு

சாக் ஃபார்ம் சுரங்க ரயில் நிலையத்திலிருந்து சிறிது தூரம் நடந்தால் கிங் ஹென்றிஸ் ரோடு. 10-ஆம் எண் வீடு. சுவரில் பதித்திருக்கும் வட்டமான நீலப் பலகைதான் அடையாளம். 1921-22இல் அம்பேத்கர் இங்கே வாழ்ந்தார் என்று அதில் இருக்கிறது.

நான் பி.காம். முடித்து ஆறு வருடம் கணக்கு எழுதிவிட்டு 28 வயதில் சட்டக் கல்லூரிக்குப் போனவள். வகுப்பில் எல்லோரும் 'அக்கா' என்றுதான் கூப்பிடுவார்கள். தாமதமாகிவிட்டதோ என்ற நினைப்பு ஜூனியர் வக்கீலான பிறகும் விடவில்லை. அதனாலோ என்னவோ, இந்த வீட்டில் அம்பேத்கரின் படுக்கையறையை விட்டு நகர மனம் வரவில்லை. ஒரு கட்டில், மூக்குக் கண்ணாடி, சட்டப் புத்தகங்கள்.

இது அவர் இரண்டாம் முறை வந்தபோது தங்கிய வீடு. 1916இல் பாரிஸ்டர்களை உருவாக்கும் லண்டன் சங்கமான கிரேஸ் இன்னில் சேர்ந்தவர், பரோடா சமஸ்தானத்தின் உதவித்தொகை முடிந்துபோய் 1917இல் பாதியிலேயே திரும்பினார். பரோடாவில் வேலை கிடைத்தது. சாதியால் தங்க இடம் கிடைக்கவில்லை. பம்பாய் சிடனாம் கல்லூரியில் பேராசிரியரானார். அங்கும் குடிதண்ணீர்ப் பானையை அவர் தொடுவதைச் சக ஆசிரியர்கள் சிலர் எதிர்த்தார்கள். சம்பளத்தில் மிச்சம் பிடித்து, கோலாப்பூர் சாகு மகாராஜாவின் உதவியும் நண்பரிடம் கடனுமாகச் சேர்த்து 1920இல் மறுபடி கப்பலேறினார். இந்த வீட்டில் இருந்தபோது அவருக்கு வயது முப்பது. இன்னும் மாணவர்.

அப்புறம் 1923இல் பம்பாய் உயர் நீதிமன்றத்தில் தொழில், 1927இல் மகாட் குளத்துத் தண்ணீருக்கான போராட்டம், 1936இல் சுதந்திரத் தொழிலாளர் கட்சி, 1947இல் சட்ட அமைச்சர். அவர் தலைமையில் வரைவான அரசியல் சட்டத்தில் தீண்டாமையை ஒழிக்கும் 17-ஆம் பிரிவைச் சீனியருக்காகப் பலமுறை தட்டச்சு செய்திருக்கிறேன். அந்தப் பானையை நினைத்துக்கொண்டு இதுவரை தட்டியதில்லை.

மகாராஷ்டிர அரசு 2015இல் வாங்கிய வீடு இது. அருங்காட்சியகமாக நடத்தக்கூடாது என்று எதிர்ப்பு வந்து, மேல்முறையீட்டில் 2020இல்தான் அனுமதி கிடைத்தது. வழக்காடிப் பெற்ற இடம் என்பதில் எனக்குத் தனி சந்தோஷம்.

கட்டணம் இல்லை. சின்ன இடம்தான், ஒரு மணி நேரம் போதும். திறந்திருக்கும் நேரத்தைக் கேட்டுக்கொண்டு போங்கள். வார நாளாக இருந்தால் அப்படியே சான்சரி லேன் போய் கிரேஸ் இன்னையும் பார்த்துவிடலாம். மதிய வேளையில் அதன் தோட்டத்தைப் பொதுமக்களுக்குத் திறந்துவிடுகிறார்கள்.