எங்கள் வீட்டுக்கு மட்டும் ஒரு வால்வு: மூன்று வருஷ அனுபவம்

பழைய வண்ணாரப்பேட்டையில் 6 வீடுகள் உள்ள பழைய கட்டடம் எங்களுடையது. மொட்டைமாடியில் இரண்டு தொட்டி: மெட்ரோ வாட்டர் சமையலறைக்கு, போர் தண்ணீர் பாத்ரூமுக்கு. ஒவ்வொரு தொட்டிக்கும் ஒரே ஒரு கேட் வால்வுதான். யார் வீட்டிலாவது குழாய்க்கு வாஷர் மாற்றினால்கூட 6 வீட்டுக்கும் தண்ணீர் நிற்கும்.

2022 ஆகஸ்ட்டில் ஒருநாள் ராத்திரி 11 மணிக்கு எங்கள் ஃப்ளஷ் டேங்குக்குப் போகும் ஆங்கிள் காக் உடைந்து கையோடு வந்துவிட்டது. செல்போன் வெளிச்சத்தில் மாடிக்கு ஓடினேன். கேட் வால்வு அசையவில்லை. ஸ்பேனர் போட்டு ஒருவழியாக மூடினேன். மூடியது மூடியதுதான், திரும்பத் திறக்கவில்லை. ஸ்பிண்டில் முறிந்து, கைப்பிடி சும்மா சுற்றிக்கொண்டிருந்தது. இரண்டாவது மாடி அண்ணன் விடிகாலை 3 மணிக்குக் காசிமேட்டில் மீன் எடுக்கப் போகிறவர். குளிக்கத் தண்ணீர் வராமல் எங்கள் கதவைத் தட்டி அவர் பேசியதை இங்கே எழுத முடியாது.

அந்த வாரமே எங்கள் வீட்டுக்குத் தனி வால்வு போடுவதென்று முடிவெடுத்தேன். "நீ வால்வு போட்டா எங்களுக்கு பிரஷர் கொறஞ்சிடும்" என்று இரண்டு வீட்டில் சொன்னார்கள். எங்களுக்குப் பிரியும் கிளையில்தானே போடுகிறோம் என்று படம் வரைந்து காட்டிச் சம்மதம் வாங்கினேன்.

ஆனால் பிளம்பர் கிளையில் போடவில்லை. கைக்கு எட்டும் இடம் என்று, மேலிருந்து இறங்கும் மெயின் லைனிலேயே, எங்கள் டீக்கு (எங்கள் கிளை பிரியும் T வடிவ இணைப்பு) மேலே போர் வால்வை வைத்துவிட்டார். நானும் கவனிக்கவில்லை. மறுநாள் மூடிப் பார்த்தேன், எங்கள் வீட்டில் தண்ணீர் நின்றது, சந்தோஷம். அரை மணி நேரத்தில் கீழ் வீட்டு அக்கா குரல்: "தம்பி, தலைக்கு சோப்பு போட்டுட்டு நிக்கிறேன், தண்ணி என்னாச்சு?" பைப்பை மறுபடி வெட்டி, டீயைத் தாண்டி எங்கள் பக்கம் மாற்றினோம். வெட்டுக்கூலி, யூனியன் (பைப்புகளைக் கழற்றி மாட்டும் இணைப்பு), பசை என்று 900 ரூபாய் தண்டம். சிமெண்ட் பூசுவதற்கு முன்னால் வால்வை மூடிவிட்டு எல்லா வீட்டிலும் குழாயைத் திறந்து பார்க்கச் சொல்லியிருந்தால் அந்தச் செலவே இல்லை.

வால்வு விஷயம். சமையலறை லைனுக்குச் செலவைக் குறைக்க பிளாஸ்டிக் பால் வால்வு (ball valve, உள்ளே துளையுள்ள உருண்டை திரும்பும் வகை) வாங்கினேன். 14 மாதத்தில் கைப்பிடி உடைந்தது. இப்போது இரண்டுமே பித்தளை. வாங்கும்போது ஃபுல் போர் (உள்துவாரம் பைப் அளவுக்கே இருக்கிறது) என்று கேட்டு வாங்குங்கள். தொட்டியிலிருந்து எங்கள் குழாய்க்கு உயரம் சுமார் 20 அடி, அதாவது 0.6 கிலோ பிரஷர்தான். உள்ளே துவாரம் சின்னதாக இருக்கிற வால்வைப் போட்டு அதிலும் குறைத்துக்கொள்ள வேண்டாம். பால் வால்வில் இன்னொரு வசதி, பார்த்தாலே தெரியும்: கைப்பிடி பைப்போடு நேராக இருந்தால் திறந்திருக்கிறது, குறுக்கே இருந்தால் மூடியிருக்கிறது. என் அம்மாவே மூடிவிடுவார்.

மெட்ரோ வாட்டர் பக்கத்து வால்வு இன்றைக்கும் ஒரு விரலில் திரும்புகிறது. போர் பக்கம்தான் தொல்லை. எங்கள் ஏரியா உப்புத் தண்ணீருக்கு ஒரு வருஷத்திலேயே கைப்பிடி அடியில் வெள்ளையாகப் பூத்து, இறுகிப்போனது. இப்போது மாதம் ஒருமுறை, மெயின்டனன்ஸ் பணம் கொடுக்கிற அன்றைக்கு, நான்கு தடவை மூடித் திறக்கிறேன். மறந்தால் மறுபடி இறுகுகிறது. திறக்கும்போது முதலில் ஒரு குழாயைத் திறந்துவைத்து, அப்புறம் வால்வை மெதுவாகத் திருப்பினால் காற்று புஸ்ஸென்று வெளியேறிவிடும்.

போட்ட காசு வந்தது 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில். தெருவெல்லாம் தண்ணீர், கரண்ட் இல்லை, மோட்டார் ஓடவில்லை, குழாயில் சொட்டு இல்லை. இரண்டு வால்வையும் மூடிவிட்டு அம்பத்தூரில் மாமா வீட்டுக்குப் போனோம். கரண்ட் வந்து யாரோ மோட்டார் போட்டிருக்கிறார்கள். நாங்கள் திரும்பி வந்து பார்த்தால் சமையலறைக் குழாய் முழுசாகத் திறந்தே கிடக்கிறது, சிங்கில் அடுக்கிய பாத்திரம் வடிகால் மேலேயே உட்கார்ந்திருக்கிறது. தரையில் ஈரமே இல்லை. எதிர் வீட்டில் இதே மாதிரி திறந்துவைத்துப் போனவர்களுக்குக் கட்டில் கால் வரை ஊறியிருந்தது.

அதற்கப்புறம் எதிர் வீடு, காசிமேட்டு அண்ணன் வீடு, கீழ் வீட்டு அக்கா என்று மூன்று பேர் போட்டுவிட்டார்கள். அக்காவுக்கு டீ எங்கே இருக்கிறது என்று காட்டியது நான்தான். எங்கள் போர் லைன் யூனியனில் போன மாதத்திலிருந்து ஒரு சின்னக் கசிவு. அடியில் ஐஸ்க்ரீம் டப்பா வைத்திருக்கிறேன், பிளம்பர் ஞாயிற்றுக்கிழமை வருவதாகச் சொல்லியிருக்கிறார்.